அளவையும் அறமும்: நெல்லின் தரங்காண் கருவிகள் குறித்து ஒரு சிந்தனை

கல்முனையிலிருந்து தெற்கு நோக்கி அக்கரைப்பற்று வரை செல்லும் பெருந்தெருவின் கிழக்கே கடலும் மேற்கே வயலும் கிடக்கின்றன. சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என்று தொடரும் ஊர்களுக்கும், உள்ளே மேற்கில் அமைந்த சம்மாந்துறைக்கும், நெல் வெறும் உணவுப்பொருள் அன்று. கூலியும் கடனும் சீதனமும் ஸகாத்தும் நெல்லைக் கொண்டே கணிக்கப்பட்ட காலம் ஒன்று இங்கு இருந்தது. அக்காலம் பெரும்பாலும் மறைந்துவிட்டதாயினும், பெரும்போக அறுவடை முடியும் மாசி, பங்குனி மாதங்களில் இவ்வூர்களிற் கேட்கும் பேச்சு இன்றும் ஒரு பொருளையே சுற்றி வருகின்றது: நெல்லை யார் கொள்வார், எவ்விலைக்குக் கொள்வார், எதனை வைத்து அதன் தரத்தைத் தீர்மானிப்பார்?

இவற்றுள் இறுதி வினாவே இக்கட்டுரைக்குரியது. நெல்லின் தரத்தை அறிய மனிதன் காலந்தோறும் பல கருவிகளை ஆக்கியுள்ளான். அவற்றின் வரலாற்றை நோக்குமிடத்து ஓர் அறவியல் வினா எழுகின்றது. நேர்மையான கருவி கிடைத்துவிட்டால் நேர்மையான கொடுக்கல் வாங்கல் தானாகவே உண்டாகிவிடுமா? அன்றி, கருவியால் அளந்துவிட முடியாத ஏதோ ஒன்றில்தான் நேர்மை தங்கியுள்ளதா?

முதற் கருவி மனித உடலே எனலாம். நெற்குவியலுக்குள் கையை முழங்கை வரை விட்டு, உள்ளே வெப்பம் உண்டா எனப் பார்ப்பது. ஒரு பிடி நெல்லை உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்து உமியை நீக்கி, அரிசியின் நிறத்தையும் முழுமையையும் காண்பது. ஒரு மணியைப் பல்லிடையே வைத்துக் கடித்து, அது ஓசையுடன் முறிகின்றதா அல்லது மெதுவாக நசிகின்றதா என அறிவது. முகர்ந்து பார்த்துப் புழுக்க நாற்றத்தைக் கண்டுகொள்வது ஆகிய யாவும் பல தலைமுறைகளின் அனுபவத்தாற் பெற்ற நுண்ணறிவாகும். தேர்ந்த விவசாயி ஒருவரின் பல், உலர்ந்த நெல்லையும் உலராத நெல்லையும் பிரித்தறிவதில் எளிதிற் பிழைபடுவதில்லை. ஆனால் அவ்வறிவுக்கு ஒரு குறைபாடு உண்டு. கடித்தவருக்கே அது தெரியும். மற்றவருக்குக் காட்ட இயலாது. விற்பவர் "காய்ந்துவிட்டது" என்றும் கொள்பவர் "காயவில்லை" என்றும் கூறுமிடத்து, இருவருட் பலமுள்ளவரின் பல்லே தீர்ப்பு வழங்கும். பொதுவாகக் கடனாளியின் பல் தோற்றுவிடும்.

இக்குறையை நீக்கவே பொது அளவைகள் தோன்றின. தமிழகத்திற் சோழர் காலத்தில் இதற்குச் சிறந்த சான்றுகள் உள. முதலாம் இராசராசன் (கி.பி. 985 - 1014) எடுப்பித்த தஞ்சைப் பெருங்கோயிலின் கல்வெட்டுகள், நெல்லைக் குறிப்பிடும்போது வெறுமனே இத்தனை கலம் என்று கூறி அமைவதில்லை, 'ஆடவல்லான்' என்னும் பெயர் கொண்ட மரக்காலால் அளக்கப்பட்டதென்றும், அது 'இராசகேசரி' மரக்காலுக்கு ஒப்பானதென்றும் கூறுகின்றன. அளவுக் கருவிக்கே பெயரிட்டு, அப்பெயரைக் கல்லில் வெட்டி வைத்தமை ஆழ்ந்து நோக்கற்பாலது. மேலும், ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்னும் விகிதமும் அக்காலக் கல்வெட்டுகளிற் காணப்படுகின்றது. நெல்லின் அளவு மட்டுமன்றி, அது குத்திய பின் எவ்வளவு அரிசியாகும் என்பதும் கணக்கிற் கொள்ளப்பட்டமையை இது காட்டுகின்றது. தரம் என்பதன் ஒரு வரையறை இங்கே முளைவிடுகின்றது எனலாம்.

இசுலாமியச் சட்ட மரபும் இதே நுட்பத்தை வேறொரு வழியால் அடைந்துள்ளது. விளைச்சலுக்குரிய ஸகாத்து, மழைநீரால் விளைந்ததாயிற் பத்திலொன்று; உழைப்பும் செலவும் கொண்டு நீர் பாய்ச்சி விளைந்ததாயின் இருபதிலொன்று. ஐந்து வஸக் என்னும் அளவை எட்டிய தானியத்துக்கே இது கடமையாகும். ஆயின், இலங்கை முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ மரபின் சட்டவறிஞர், நெல்லைப் போல உமியுடன் சேமிக்கப்படும் தானியத்துக்கு அவ்வெல்லையைப் பத்து வஸக் எனக் கொண்டனர். ஏனெனில் அதிற் பாதியளவு உமியின் இடம் என்பது அவர்களின் மதிப்பீடு. கொடுக்கப்படும் பங்கு உலர்ந்ததாகவும் தூய்மை செய்யப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும் என்றும் அவர்கள் வகுத்தனர். நிறைந்த மரைக்காலும் நிறைந்த உணவும் ஒன்றல்ல என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

இனி, அளவைகளின் உட்பலவீனத்தை நோக்குவோம். எங்கள் பகுதியில் நெல் நெடுங்காலம் கொத்து, மரைக்கால், அவணம் என்னும் முகத்தலளவைகளாலேயே அளக்கப்பட்டது. களவெட்டியிற் பொலி தூற்றி முடிந்ததும், முதல் மரைக்காலை ஒன்று என்று எண்ணாமல் 'லாபம்' என்றோ 'பறக்கத்து' என்றோ சொல்லித் தொடங்குவது வழக்கம். இம்முறையில் விற்பவருக்கு வாய்ப்பாக அமைவது சப்பி நெல். பால் பிடிக்காத சப்பியும் பதரும் மரைக்காலில் இடத்தை அடைத்துக்கொள்ளும், உணவாகமாட்டா. அளப்பவருக்கு வாய்ப்பாக அமைவது அளக்கும் முறை. தலைதட்டி அளப்பதும் தலைகுவித்து அளப்பதும் ஒன்றல்ல. மெல்லச் சொரிவதும் குலுக்கி இறுக்குவதும் ஒன்றல்ல. போலந்து வரலாற்றாசிரியர் வித்தோல்ட் கூலா 1970ஆம் ஆண்டு வெளியிட்ட அளவைகள் பற்றிய நூலில், ஐரோப்பிய நிலவுடைமையாளர் குடியானவரிடமிருந்து தானியம் பெறும் வேளையிற் குவித்தும், கொடுக்கும் வேளையில் தட்டியும் அளந்தமையை விரிவாக ஆராய்ந்துள்ளார். இலங்கையிலும், 1892இல் ஒழிக்கப்படும்வரை நிலவிய நெல்வரியின் வரலாறு, வரி திரட்டும் உரிமை நெடுங்காலம் ஏலத்தில் குத்தகைக்காரருக்கு விடப்பட்டதையும், அதனால் விவசாயி பட்ட இடரையும் கூறுகின்றது. களத்தில் மரைக்காலைப் பிடிக்கும் கை யாருடையதோ, விளைச்சலின் ஒரு பகுதியும் அவருடையதே.

கனவளவின் இக்குறையைத் தீர்க்க, ஐரோப்பியர் நிறையையும் கனவளவையும் ஒருங்கிணைத்தனர். 'கொண்ட்ரோமீற்றர்' எனப்படும் சிறு தானியத் தராசு பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளிற் பிரித்தானியத் தானிய வணிகரின் கைகளிற் புழங்கியது. தானியம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அதன் பெயர் பிறந்தது. சிறிய உருளைக் கிண்ணம் ஒன்றிற் தானியத்தை நிரப்பி, மேல்மட்டத்தைத் தட்டி, ஒற்றைக் கைத் தராசில் தொங்கவிட்டால், ஒரு புசல் தானியம் எத்தனை இறாத்தல் நிறையுடையது என்பதை அது காட்டும். பால் நிறைந்து முற்றிய மணி நிறைகூடும், சப்பி நிறைகுன்றும். ஆயினும் தானியம் கிண்ணத்தில் விழும் உயரமும் வேகமும் மாறினால் அளவும் மாறும் என்பது விரைவிலேயே கண்டறியப்பட்டது. ஆகவே, ஒரே உயரத்திலிருந்து ஒரே வாய் வழியாகத் தானியம் விழும் வண்ணம் பிற்காலக் கருவிகள் அமைக்கப்பட்டன. மனிதக் கையை விலக்கும் முயற்சியே இக்கருவிகளின் வரலாறு என்று கூறினும் மிகையாகாது. இதே தத்துவத்தைக் கொண்டு 1882இல் ஜப்பானிய வேளாண் அறிஞர் யொக்கொய் தொக்கியொஷி உப்புநீரில் விதைநெல் தெரியும் முறையை வகுத்தார். உப்புக் கரைசலின் செறிவைக் காண ஒரு கோழிமுட்டையை மிதக்கவிட்டாற் போதும். அமிழ்ந்த மணி விதைக்காகும், மிதந்தது ஆகாது.

எமது நாட்டிலும் நெல் படிப்படியாக நிறையால் விற்கப்படலாயிற்று. 1948இல் உத்தரவாத விலைத் திட்டமும், 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபையும் தோன்றின. ஒரு புசல் நெல் 46 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 21 கிலோகிராம், எனக் கணக்கிடுவது வழக்காயிற்று. நிறையால் விற்கும்போது சப்பி பயன்படாது. ஆனால் முகத்தலளவையில் அத்துணை முக்கியம் பெறாத மற்றொன்று இங்கே தலையெடுத்தது. அதுவே நீர். ஈரமான நெல் நிறை கூடியது. மரைக்காலுக்குச் சப்பி எதுவோ, தராசுக்கு ஈரம் அதுவேயாகும். ஒவ்வோர் அளவையும் தனக்குரிய பொய்யைத் தானே பெற்றெடுக்கின்றது என்பதை இவ்வரலாறு புலப்படுத்துகின்றது.

ஈரத்தை அளக்கும் கருவிகள் இருபதாம் நூற்றாண்டுக்குரியவை. 1907இல் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த பிரவுண், டுவெல் ஆகிய இருவரும், தானியத்தை எண்ணெயிலிட்டுச் சூடாக்கி, வெளியேறும் நீராவியைக் குளிரவைத்து, சொட்டும் நீரை அளவுக் குழாயில் அளக்கும் முறையை வெளியிட்டனர். அடுத்த ஆண்டு, அதே நாட்டினரான லைமன் பிரிக்ஸ், கோதுமையின் மின்தடை அதன் ஈரத்துக்கேற்ப மாறுவதை எடுத்துக்காட்டினார். இன்று நெற்கொள்வனவு நிலையங்களிற் காணப்படும் கையடக்கமான ஈரப்பதன்மானிகள் இவ்வழியில் வந்தவையே. சில, நெல்லை நசித்து மின்தடையை அளக்கின்றன; வேறு சில, மின்புலத்தில் நெல்லின் இயல்பை அளக்கின்றன. பின்னைய இயல்பைக் குறிக்கும் எண் தூயநீருக்கு ஏறத்தாழ 80. உலர்ந்த தானியத்துக்கு 5இலும் குறைவு. இப்பெரு வேறுபாட்டினாலேயே சிறிதளவு நீரையும் கருவி கண்டுகொள்கின்றது. எனினும் வெப்பநிலைக்கும் நெல்லினத்துக்கும் ஏற்ப அதனைத் திருத்தியமைத்தல் வேண்டும். பனியில் நனைந்த நெல்லின் மேற்பரப்பு ஈரம் அளவைக் கூட்டிக்காட்டக்கூடும். வெயிலில் அப்போதே காய்ந்த நெல்லின் மேற்பரப்பு வறட்சி அதனைக் குறைத்துக்காட்டக்கூடும்.

இக்கருவி எங்கள் பகுதியில் இத்துணை முக்கியம் பெற்றமைக்கு அறுவடை முறையின் மாற்றமும் ஒரு காரணமாகும். முன்னர் கதிரை அறுத்து, உப்பட்டியாக வயலிற் காயவிட்டு, சூடு வைத்து, சில நாட்களின் பின்பே சூடு மிதித்தனர். நெல் மணி களத்துக்கு வருமுன்பே பெருமளவு உலர்ந்துவிடும். இன்றைய அறுவடை இயந்திரமோ காலையில் நின்ற பயிரை நண்பகலில் மூடையாக்கி விடுகின்றது. உலர்த்தும் பொறுப்பு விவசாயியின் மேல் தனியே விழுகின்றது. அவருக்குக் களவெட்டியும் இல்லை, நாளும் இல்லை; தெருவோரத்தில் பரப்பியே உலர்த்துகின்றார். வானம் கறுத்தால், வந்த விலைக்கு விற்கின்றார்.

உலர்ந்த நெல்லுக்கு இலங்கையிற் கொள்ளப்படும் எல்லை 14 சதவீதம். இந்தியாவில் அரசு கொள்வனவுக்கு 17 சதவீதம்; தமிழகத்துக்கு 2022இல் மழையை முன்னிட்டு அது 19 வரை தளர்த்தப்பட்டது. ஈரம் மிகுந்த நெல் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும் என்பது இயற்கையின் நியதி. ஆனால் எல்லை 14இலா 17இலா நிற்க வேண்டும் என்பதும், மிகுந்த ஈரத்தின் இழப்பை யார் ஏற்க வேண்டும் என்பதும் மனிதரின் தீர்மானங்களே. எண் கருவியினின்று வருகின்றது. எல்லை கருவியினின்று வருவதில்லை. இவ்விரண்டையும் வேறுபடுத்தாதோர், மனிதர் செய்த முடிவை இயற்கையின் கட்டளையெனக் கருதி வாய்மூடி விடுகின்றனர்.

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுதல் பொருந்தும். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த காலத்தில், எங்கள் பகுதியிலிருந்த தனியார் நெற்களஞ்சியம் ஒன்றிற் சில வாரங்கள் கணக்கெழுதினேன். ஒரு நாள் முதியவர் ஒருவர் நாற்பது மூடை நெல்லுடன் வந்தார். முன்னிரவு மழை தூறியிருந்தது; மூடைகள் நிலத்தில் அடுக்கப்பட்டிருந்தன. களஞ்சியக்காரர் குத்தூசியை அடிவரிசை மூடைகளில் மட்டும் குத்தி நெல்லெடுத்து, கருவியில் இட்டார். 17 காட்டியது. முதியவர் ஒரு மணியைக் கடித்துப் பார்த்துவிட்டு, என்னை நோக்கி, "தம்பி, மேல் மூடையிலயும் ஒருக்காப் பாருங்களன்" என்றார். களஞ்சியக்காரர், "காக்கா, மிசின் பொய் சொல்லாது" என்றார். நான் 17 என்று எழுதினேன். மாலையில் ஆளில்லாத வேளை, மேல் வரிசையிலும் நடு வரிசையிலும் எடுத்துக் கலந்து நானே அளந்தபோது 15 காட்டியது. இரண்டு நாள் கழித்து, ஆலைக்கு ஏற்றும் லொறியில் மாதிரி எடுத்தபோது, அதே குத்தூசி வெயில் பட்ட மேல் மூடைகளில் மட்டுமே இறங்கியதைக் கண்டேன்.

இதன் கணக்கு எளிது. 17 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் உலர்பொருள் 83 கிலோ. 14 சதவீதத்துக்கு உலர்த்தினால் அது 96.5 கிலோவாகும். 15 சதவீத ஈரமுள்ளதாயின் 98.8 கிலோவாகும். வேறுபாடு 100 கிலோவுக்கு ஏறத்தாழ 2.3 கிலோ. நாற்பது மூடைகள், மூடைக்கு 65 கிலோ வீதம், 2600 கிலோ எனக் கொண்டால், அம்முதியவர் இழந்தது ஏறத்தாழ 60 கிலோ. ஒரு மூடைக்குச் சற்றே குறைவு. களஞ்சியக்காரர் கூறியது உண்மையே. கருவி ஒருமுறையேனும் பொய் சொல்லவில்லை. அடிமூடை ஈரமாகவும் மேல்மூடை உலர்ந்தும் இருந்தன. பொய் சொன்னது, குத்தூசியைப் பிடித்த கை. அதற்குச் சான்றெழுதியது என் கை.

இந்நிகழ்ச்சியை எண்ணும்போதெல்லாம் நபிகளார் சந்தையிற் செய்த ஒரு செயல் நினைவுக்கு வருகின்றது. தானியக் குவியல் ஒன்றினுட் கையை விட்ட அவர், விரல்களில் ஈரம் பட்டதும் அதன் காரணத்தை வினவினார். மழை பட்டதென வணிகர் விடையிறுத்தார். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என அவர் கேட்டதாகவும், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் எனக் கூறியதாகவும் ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. இங்கு ஈரம் குற்றமாகக் கொள்ளப்படவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. மழை யாருடைய பாவமும் அன்று. ஈரத்தை மறைத்ததே குற்றம். அவ்வாறே, அளவிற் குறைப்போரைக் கண்டிக்கும் குர்ஆன் அத்தியாயம் அவர்களை வரையறுக்கும் முறையும் நுட்பமானது. தாம் பெறும்போது நிறைவாகப் பெற்று, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போர் என்பதே அவ்வரையறை. ஓர் அளவு பிழை என்பதன்று அங்கே குற்றச்சாட்டு. இரண்டு அளவுகள் உள்ளன என்பதே. வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமையாக்கியதும் இக்கருத்தையே அரண் செய்கின்றது. துலாக்கோல் எத்தட்டு யாருடையது என்று அறியாது. அறியாமையே அதன் அறம். எங்கள் குத்தூசியோ அதனை நன்கறிந்திருந்தது.

அவ்வாறாயின், கருவிகளை விடுத்துப் பழைய நம்பிக்கை வாழ்வுக்குத் திரும்புவதே சிறந்தது என்று சிலர் கூறக்கூடும். இக்கூற்று ஏற்புடையதன்று. பழைய களவெட்டியில் நம்பிக்கை இருந்தது உண்மை. ஆனால் அந்நம்பிக்கை பெரும்பாலும் வேறு வழியற்றவனின் நம்பிக்கை. போடியாரின் மரைக்காலை முல்லைக்காரன் கேள்விக்குட்படுத்த இயலாது. கருவியோ, எளியவனுக்கு விரல் நீட்டிக் காட்ட ஓர் எண்ணைத் தருகின்றது. "மேல் மூடையிலும் பாருங்கள்" என்று அம்முதியவர் கேட்க முடிந்தமை கருவி இருந்தமையாலேயே. பல்லுக்கெதிரே அவ்வாறு கேட்க இயலாது. ஆகவே கருவி அறத்தைப் படைப்பதில்லையாயினும், அறத்தைக் கோருவதற்கு ஓர் இடத்தைப் படைக்கின்றது. அவ்விடத்தில் நின்று பேசுவோர் இல்லையேல், அதே கருவி அநீதிக்குச் சான்றிதழாகிவிடுகின்றது. பழைய அநீதி குறைந்தபட்சம் அநீதியெனத் தெரிந்தது; எண்ணின் ஆடையணிந்த அநீதியோ விஞ்ஞானமெனத் தோன்றுகின்றது.

இதனின்று சில கடப்பாடுகள் பெறப்படும். மாதிரி எடுத்தல் இரு சாராரின் கண்முன்னே, எல்லா வரிசைகளிலிருந்தும் நிகழ வேண்டும். கருவியின் எண்ணை விற்பவரும் வாசிக்க வேண்டும். கொள்ளும்போது பயன்படும் முறையே கொடுக்கும்போதும் பயன்பட வேண்டும். கருவி குறித்த காலத்திற் சரிபார்க்கப்பட வேண்டும். இசுலாமிய நகரங்களில் அளவைகளைச் சோதிக்க 'முஹ்தஸிப்' என்னும் சந்தை மேற்பார்வையாளர் இருந்தார். அப்பணி இன்று அரசுக்குரியது. இவை யாவற்றுக்கும் மேலாக ஒரு கடப்பாடு உண்டு. அது எழுதுபவனின் கடப்பாடு. "நான் அளக்கவில்லை, எழுதினேன்" என்று பல ஆண்டுகள் என்னை நானே தேற்றிக்கொண்டேன். அத்தேற்றம் நிலைக்கவில்லை. அளவு எழுத்தான பின்பே அது உலகிற் செயற்படுகின்றது. 17 என்ற எண் அம்முதியவரின் பணத்தைக் குறைத்தது கருவியின் முகப்பிலன்று, என் கணக்கேட்டில்.

இவ்விதழின் வாசகரிற் பலர் நாளை எழுதுபவராகவும் அளப்பவராகவும் அமர இருப்போர். சிலர் இன்றே அவ்வாறு அமர்ந்திருப்போர். 'தரப்படுத்தல்' என்னும் சொல், 1970களின் தொடக்கத்தில் நிகழ்ந்த பல்கலைக்கழக அனுமதி மாற்றங்களிலிருந்து, எமது நாட்டிற் தமிழ் பேசுவோரிடையே எத்தகைய கசப்பைச் சுமந்து வந்துள்ளது என்பதை நாம் அறிவோம். மூன்று மணிநேரப் பரீட்சையும் ஒரு குத்தூசியே. அது பதின்மூன்று ஆண்டுக் கல்வியின் எந்த மூடையில், எந்த வரிசையில் இறங்குகின்றது என்று கேட்பவர் இருக்க வேண்டும். பரீட்சை வேண்டாம் என்பது இதன் கருத்தன்று. ஈரப்பதன்மானி வேண்டாம் என நான் கூறாதது போலவே இதுவும். கருவி நேர்மையானது என்பதனால், அதனைப் பயன்படுத்தும் நாமும் நேர்மையாளராகி விடுவதில்லை என்பதே இதன் கருத்து.

அம்முதியவர் இன்றில்லை. அவரிடம் கூற வேண்டியதை அன்று நான் கூறவில்லை. மறுநாளே கணக்கேட்டைத் திறந்து, "இதனை மீண்டும் அளக்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அதற்கு எக்கருவியும் தேவைப்பட்டிராது.